சீசன் கைதுகள்: "சும்மா விசாரணைக்கு" என்று வேனில் ஏற்றினால்

ஏப்ரல் 9, கேள்வி

கோடை சீசன் தொடங்கிவிட்டால் ஏரிக்கரை, கடற்கரை, கோயில் வாசல், பேருந்து நிலையம் என்று வெளியூர்க் கூட்டம் சேரும் இடமெல்லாம் உள்ளூர் ஆட்களை வேனில் அள்ளிக்கொண்டு போகிறார்கள். பாசிமணி விற்பவர், குதிரைக்காரர், போட்டோ எடுப்பவர், லாட்ஜுக்கு ஆள் பிடித்துத் தருபவர், யாராக இருந்தாலும் சரி. சிலரை இரவு விடுகிறார்கள், சிலரை மறுநாள். எஃப்.ஐ.ஆர். இல்லை, கையில் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. கேட்டால் "இது கைது இல்லை, விசாரணைதான்" என்கிறார்கள். அப்படி ஒன்று சட்டத்தில் இருக்கிறதா?

ஏப்ரல் 9, இரவு

இல்லை. கைதும் ஆகவில்லை, வீட்டுக்கும் போக முடியாது என்று ஒரு நிலை நம் சட்டத்தில் கிடையாது. ஒருவர் எழுந்து போக நினைத்தும் போக விடவில்லை என்றால் அந்த நிமிடமே அவர் காவலில் இருக்கிறார். பதிவேட்டில் எழுதிய நேரம் அல்ல, நடமாட்டம் பறிபோன நேரம்தான் கணக்கு. 1990-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் சுங்க அதிகாரி தரப்பாக இருந்த ஒரு வழக்கில் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது.

அரசியல் சாசனம் 22-ஆம் பிரிவும் பி.என்.எஸ்.எஸ். (குற்ற விசாரணை முறைக்கான புதிய சட்டம்; இனிச் சட்டத்தின் பெயர் சொல்லாமல் "பிரிவு" என்று வந்தால் இதுதான்) 58-ஆம் பிரிவும் தரும் 24 மணி நேரக் கெடுவும் அங்கிருந்துதான் ஓடுகிறது. பயண நேரம் மட்டும் கழியும். ஞாயிறு, பண்டிகை, "ஐயா ரவுண்ட்ஸ் போயிருக்கார்" எதுவும் கழியாது.

ஏப்ரல் 10

எந்தப் பிரிவில் பிடித்தார்கள் என்று தெரியாமல் மற்றதைப் பேசிப் பயனில்லை. சுற்றுலா இடங்களில் அதிகம் எடுக்கப்படுவது பழைய 151, இப்போது பி.என்.எஸ்.எஸ். 170. (2024 ஜூலை 1 முதல் பழைய சி.ஆர்.பி.சி.க்குப் பதில் பி.என்.எஸ்.எஸ்., அதனால் புதிய எண்கள். ஸ்டேஷனில் இன்னும் "ஒன் ஃபிஃப்டி ஒன்" என்றுதான் பேச்சு. இரண்டும் ஒன்றே.)

170 சொல்வது இவ்வளவுதான்: பிடியாணை இல்லாமல் கைது செய்யத்தக்க ஒரு குற்றத்தைச் செய்ய ஒருவர் திட்டமிட்டிருப்பது அதிகாரிக்குத் தெரிய வேண்டும், கைது செய்யாமல் அதை வேறு வழியில் தடுக்க முடியாது என்றும் தோன்ற வேண்டும். இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும். 2011-இல் ராஜேந்தர் சிங் பதானியா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அதனால் கேட்க வேண்டிய கேள்வி "நான் என்ன தப்பு செய்தேன்?" அல்ல. "எந்தக் குற்றத்தைச் செய்யப் போகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள்?" என்பதே சரியான கேள்வி. கூவி விற்பதும் பயணியிடம் விலை பேசுவதும் அப்படிப்பட்ட குற்றத்தில் வராது. 24 மணி நேரத்துக்கு மேல் 170-ஐ மட்டும் காட்டி ஒருவரை வைத்திருக்கவும் முடியாது.

அடுத்து வருவது 126 (பழைய 107), 129 (பழைய 110). இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். 126 என்பது நிர்வாக நடுவர் முன், அதாவது நம் ஊர்களில் பெரும்பாலும் தாசில்தார் அல்லது ஆர்.டி.ஓ. முன், "ஓராண்டு வரை அமைதி காப்பேன்" என்று பிணைப்பத்திரம் எழுதித் தரச் சொல்லும் நடவடிக்கை. இது போலீசுக்குத் தானாகக் கைது அதிகாரம் தராது. நடுவர் முதலில் காரணத்தின் சாரத்தை எழுத்தில் தந்து (பிரிவு 130) சம்மன் அனுப்ப வேண்டும். பிடித்துக்கொண்டு போய் உட்கார வைத்துவிட்டு, பிறகு 126 என்று எழுதுவது வரிசையைத் தலைகீழாக்குவது.

ஏப்ரல் 10, மாலை

"172 என்று ஒன்று புதிதாக வந்திருக்கிறதே?" என்று கேட்டிருந்தார்கள். ஆமாம், பழைய சட்டத்தில் இல்லாதது. போலீசின் சட்டபூர்வமான உத்தரவுக்குப் பணியாதவரை அப்புறப்படுத்தலாம், பிடித்து வைக்கலாம்; நடுவரிடம் கொண்டுபோகலாம், அற்ப விஷயம் என்றால் 24 மணி நேரத்துக்குள் விட்டுவிடலாம். இனிமேல் சீசன் நேரத்தில் இதுதான் அதிகம் பேசப்படும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் 170-ஐவிட எழுதுவதற்கு எளிது. பிடி கிடைப்பது "சட்டபூர்வமான உத்தரவு" என்ற சொல்லில்தான். என்ன உத்தரவு, யார் தந்தது, எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். உத்தரவே இல்லாமல் நேராக வேனில் ஏற்றினால் 172 பொருந்தாது.

ஏப்ரல் 12

வீட்டாருக்கான பகுதி. ஆளைக் கூட்டிப் போனதும் ஸ்டேஷன் வாசலுக்கு ஓடிப்போய்க் கெஞ்சுவதில் முதல் இரண்டு மணி நேரம் போய்விடுகிறது. அந்த நேரத்தில் ஒரு பதிவும் உண்டாவதில்லை. மறுநாள் "காலை 11 மணிக்குத்தான் பிடித்தோம்" என்று எழுதும்போது மறுக்க நம் கையில் ஒன்றுமிருக்காது.

முன்பு இதற்குத் தந்தி இருந்தது. ஆளைத் தூக்கிவிட்டார்கள் என்றால் வீட்டார் தந்தி ஆபீசுக்குப் போய் எஸ்.பி.க்கும் மாஜிஸ்திரேட்டுக்கும் தந்தி அடிப்பார்கள். அந்த ரசீதில் இருக்கும் தேதியும் நேரமும் பிறகு ஆட்கொணர்வு மனுவில் முதல் ஆவணமாகப் போகும். 2013 ஜூலையில் தந்திச் சேவையே நின்றுபோனது. அதன் இடத்தை நிரப்ப வேண்டியது நாம்தான்.

இப்போது செய்ய வேண்டியது: முதலில் 112-க்கு அழைப்பு. சண்டை போட அல்ல, பதிவாக. பெயர், வயது, பிடித்த இடம், நேரம், வேன் எண், எந்த ஸ்டேஷன் என்று சொல்லிவிட்டு, புகார் எண் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கைபேசியின் அழைப்புப் பட்டியலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அடுத்து எஸ்.பி. அலுவலகத்துக்கு மின்னஞ்சல், நகல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு. நீளம் வேண்டாம்:

"இன்று பிற்பகல் 3.40-க்கு ஏரிக்கரைப் படகுத்துறை வாசலில் என் தந்தை (வயது 63) சீருடை அணிந்த மூன்று காவலர்களால் வேனில் ஏற்றிச் செல்லப்பட்டார். வேன் எண் இது. காரணம் சொல்லப்படவில்லை. கைதுக் குறிப்பு தரப்படவில்லை. அவர் இருக்கும் இடத்தையும் பிரிவையும் தெரிவிக்கவும்."

இதில் கோபம் ஒரு சொல் கூட வேண்டாம். நேரமும் இடமும் எண்ணும் போதும். நள்ளிரவானாலும் அனுப்புங்கள், மின்னஞ்சலுக்கு அலுவலக நேரம் இல்லை. மறுநாள் காலை அதையே விரைவு அஞ்சலிலும் போட்டு ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

வக்கீல் பிடிக்க வசதியில்லை என்றால் 15100. தேசியச் சட்டப் பணிகள் ஆணையத்தின் இலவச எண். மாஜிஸ்திரேட் நீதிமன்றங்களில் ரிமாண்டு வக்கீல் என்று ஒருவரை ஆணைக்குழு நியமித்திருக்கும். அவரைக் கேட்டு வாங்குங்கள்.

ஏப்ரல் 12, பின்குறிப்பு

ஒன்று விட்டுப்போனது. பிரிவு 37-இன்படி மாவட்டத்திலும் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் உதவி சப்-இன்ஸ்பெக்டர் தகுதிக்குக் குறையாத ஒரு அதிகாரி, கைதானவர்களின் பெயர், முகவரி, குற்றத்தின் தன்மை ஆகியவற்றைப் பராமரித்துக் கண்ணில் படும்படி வைக்க வேண்டும். "இங்கே அப்படி யாரும் இல்லை" என்று ஸ்டேஷனில் சொன்னால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு அழைத்து அந்தப் பட்டியலைக் கேளுங்கள். பட்டியலில் பெயர் இல்லாததும் ஒரு சான்றுதான்.

ஏப்ரல் 13

தெருவோர வியாபாரிகள் சட்டம் 2014 எல்லோரையும் காக்கும், 27-ஆம் பிரிவைக் காட்டினால் போதும் என்று தனிச் செய்தியில் கேட்ட ஒருவருக்கு எழுதியிருந்தேன். அது தவறு. திருத்துகிறேன், ஏனென்றால் அதை நம்பிப் போய் நிற்பவர் அவமானப்பட்டுத் திரும்புவார்.

27-ஆம் பிரிவு வலுவானதுதான்: வேறு எந்தச் சட்டத்தில் என்ன இருந்தாலும், போலீஸ் உட்பட யாரும் வியாபாரத்தைத் தடுக்கக் கூடாது என்கிறது. ஆனால் அது விற்பனைச் சான்றிதழ் வைத்திருந்து, அதன் நிபந்தனைப்படி விற்பவருக்கு மட்டும். சான்றிதழ் இல்லாதவருக்கு உள்ள பிடி 3(3): கணக்கெடுப்பு முடிந்து எல்லோருக்கும் சான்றிதழ் தரும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. ஆகவே சான்றிதழ் இல்லாதவர் முதலில் செய்ய வேண்டியது, தம் நகராட்சியிலோ பேரூராட்சியிலோ கணக்கெடுப்பு முடிந்ததா, தம் பெயர் அதில் உண்டா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குவது. சீசனுக்கு இரண்டு மாதம் முன்பே கேளுங்கள். பதிலுக்கு 30 நாள் ஆகும், பெரும்பாலும் முதல் பதில் முழுமையாக இருக்காது.

ரயில்வே நிலத்தில் இந்தச் சட்டம் செல்லாது. அதனால் ஸ்டேஷன் வளாகத்துக்குள் விற்பவர்களுக்கு இந்தப் பேச்சு உதவாது. மாமல்லபுரம் போல் தொல்லியல் துறை காக்கும் சின்னங்களின் உள்ளே உரிமம் இல்லாமல் விற்பதும், காசு வாங்கிக்கொண்டு சுற்றிக்காட்டுவதும் 1959-ஆம் ஆண்டு விதிகளில் தடை. ஆனால் அதற்கு அபராதம்தான் தண்டனை. வேலிக்கு வெளியே, சாலையில் நிற்பவரை அந்த விதியைச் சொல்லிப் பிடிக்க முடியாது.

ஏப்ரல் 15

கைதுக் குறிப்பு. அரெஸ்ட் மெமோ என்றால் ரைட்டருக்கு (ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் காவலர்) புரியும். டி.கே. பாசு வழக்குத் தீர்ப்பிலிருந்து (1996 டிசம்பர்) வந்தது, இப்போது பிரிவு 36. ஒரே பக்கம்தான். அதில் பார்க்க வேண்டியது நான்கு இடங்கள்.

கைது நேரம். இதைக் காலியாக விட்டுக் கையெழுத்து வாங்குவதுதான் வழக்கம். பிறகு வசதியான நேரம் ஏறும். காலியாக இருந்தால் கையெழுத்துக்கு மேலே நீங்களே "பிடித்த நேரம் பிற்பகல் 3.40, கையெழுத்திடும் நேரம் இரவு 9.15" என்று எழுதிவிட்டுக் கையெழுத்திடுங்கள். திட்டுவார்கள். தாளைக் கிழித்தாலும் கிழிப்பார்கள். புதிய தாளிலும் அதையே எழுதுங்கள்.

கைது இடம். ஏரிக்கரையில் பிடித்துவிட்டு "பேருந்து நிலையம் பின்புறம் சந்தேகத்துக்கிடமாக நின்றபோது" என்று எழுதியிருக்கும்.

சாட்சி. குடும்பத்தவர் அல்லது அந்தப் பகுதியைச் சேர்ந்த மதிப்புக்குரியவர் ஒருவர் வேண்டும். எப்போதும் ஸ்டேஷன் வாசலில் இருக்கும் அதே ஆள் எல்லா மெமோவிலும் சாட்சியாக வருவது வக்கீலுக்கு நல்ல ஆயுதம். பெயரை மட்டும் நினைவில் வையுங்கள்.

காரணம். பிரிவின் எண் மட்டும் போதாது. விஹான் குமார் வழக்கில் (2025 பிப்ரவரி) கைதுக்கான காரணத்தைத் தெரிவிக்காவிட்டால் கைதே செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். மிஹிர் ராஜேஷ் ஷா வழக்கில் (2025 நவம்பர்) இன்னும் போய், எந்தக் குற்றமானாலும் காரணத்தை எழுத்தில், பிடிபட்டவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும், உடனே முடியாத சூழலில் ரிமாண்டுக்கு இரண்டு மணி நேரம் முன்பாவது தர வேண்டும் என்றது. ஆங்கிலத்தில் அச்சடித்த தாளை நீட்டினால் "எனக்குத் தமிழ்தான் படிக்கத் தெரியும்" என்று மாஜிஸ்திரேட்டிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அங்கே வாய் திறக்காவிட்டால் பிறகு திறந்து பயனில்லை.

வெள்ளைத் தாளில் கையெழுத்து எக்காரணத்துக்கும் வேண்டாம். விசாரணையில் பதிவு செய்யும் வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கவே கூடாது என்கிறது பிரிவு 181.

ஏப்ரல் 15

சுருக்கமாக: 60 வயதுக்கு மேற்பட்டவர், உடல் நலிந்தவர் என்றால், மூன்றாண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றத்துக்கு டி.எஸ்.பி.யின் முன் அனுமதி இல்லாமல் கைது கூடாது, 35(7). பெண்களைச் சூரியன் மறைந்த பின் கைது செய்ய, பெண் அதிகாரி எழுத்தில் அறிக்கை தந்து மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி பெற வேண்டும். 18 வயது நிரம்பாத பிள்ளைகளை லாக்கப்பில் வைக்கவே முடியாது, 1098-க்கு அழையுங்கள். பாசிமணி விற்கும் குடும்பங்களில் தாயையும் பிள்ளையையும் சேர்த்தே ஏற்றுகிறார்கள். இருவருக்கும் தனித்தனிச் சட்டம், தனித்தனிப் புகார்.

ஏப்ரல் 18

"கைபேசியில் படம் எடுக்கலாமா?" எடுக்கலாம், பொது இடத்தில் போலீஸ் வேலை செய்வதைப் படமெடுக்கத் தடை இல்லை. பக்கத்தில் நின்று முகத்துக்கு நேராக எடுங்கள் என்று சொல்பவர்களும் உண்டு. அதோடு நான் உடன்படவில்லை. முகத்தருகே நீட்டினால் தள்ளுமுள்ளாகும், உடனே பி.என்.எஸ். (பழைய ஐ.பி.சி.க்குப் பதில் வந்த குற்றச் சட்டம்) 132 (பழைய 353), அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தாக்கியது. அது ஜாமீனில் விட முடியாத பிரிவு. அதே சட்டம் 285-இல் சாலையை மறித்தார் என்று 5,000 ரூபாய் வரை அபராதத்தோடு முடிய வேண்டிய விஷயம், வாரக்கணக்கில் சிறையில் முடியும். படமெடுத்தவரும் சேர்ந்து உள்ளே போவார்.

பத்தடி தள்ளி நில்லுங்கள். பேச வேண்டாம். வேன் எண், சுற்றியுள்ள கடைப் பலகை அல்லது மணிக்கூண்டு, ஏற்றப்பட்டவரின் கை கால் (அப்போது காயமில்லை என்பதற்கு) மூன்றும் விழுந்தால் போதும். எடுத்த உடனே இன்னொருவருக்கு அனுப்பிவிடுங்கள். கைபேசியைப் பிடுங்கினாலும் படம் போய்ச் சேர்ந்திருக்கும்.

ஏப்ரல் 21

தள்ளுவண்டியும் சரக்கும். ஆளை இரவு விட்டுவிட்டு வண்டியை ஸ்டேஷன் வாசலில் பத்து நாள் நிறுத்தி வைப்பதுதான் உண்மையான தண்டனை. சீசனே ஆறு வாரம்.

வண்டியை எடுத்தது நகராட்சியா போலீசா என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். நகராட்சி என்றால் 2014 சட்டம் 19-ஆம் பிரிவு: பட்டியல் எழுதி நகல் தர வேண்டும், கேட்ட இரண்டு வேலை நாளில் சரக்கைத் திருப்பித் தர வேண்டும், பழம், மாங்காய்க் கீற்று போல் அழுகும் பொருளை அன்றைக்கே. கேட்டதற்கு அடையாளம் இருந்தால்தான் நாள் ஓடும். வாயால் கேட்டுவிட்டு வராதீர்கள், மனுவில் முத்திரை வாங்குங்கள். போலீஸ் என்றால் பி.என்.எஸ்.எஸ். பிரிவு 106-இன்படி கைப்பற்றியதை மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவித்திருக்க வேண்டும், பிறகு 503-இல் மனு போட்டு மீட்கலாம். தெரிவிக்கவே இல்லை என்றால், பெரும்பாலும் இல்லைதான், அந்த மனு விசாரணைக்கு வரும் முன்பே வண்டி திரும்பி வந்துவிடும். ஆளைச் சோதித்து எடுத்த பணம், கைபேசி, மோதிரத்துக்குத் தனியாக ரசீது உண்டு, பிரிவு 49. அன்றைய வசூல் எவ்வளவு என்று அந்த ரசீதில் ஏறியதா என்று பாருங்கள்.

ஏப்ரல் 26

இரண்டு நாளாக யோசித்துவிட்டு எழுதுகிறேன். "பெட்டி கேஸ் (சில்லறை வழக்கு) தானே, ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டு வந்தால் அன்றைக்கே வியாபாரத்துக்குப் போகலாம்" என்ற பேச்சு இங்கே அடிக்கடி வருகிறது. அன்றாடம் சம்பாதித்துச் சாப்பிடுபவருக்கு அது புரிகிற நியாயம்தான். அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

ஆனால் ஒப்புக்கொண்ட ஒவ்வொன்றும் தண்டனை பெற்ற வழக்கு. நாலைந்து சேர்ந்ததும் 129-இல் "வழக்கமாகக் குற்றம் செய்பவர்" என்று அறிக்கை போக அது அடித்தளமாகிறது. 129-இல் எழுதி வாங்கும் பிணைப்பத்திரம் மூன்றாண்டு வரை. அதற்குள் இன்னொரு சீசனில் பிடித்தால் பத்திரத்தை மீறியதாகச் சொல்லி அதன் மேல் இன்னொரு நடவடிக்கை. சாலையோரம் நின்றதில் தொடங்கியது அங்கே போய் நிற்கும்.

இதைத் தவிர்க்க வழி உண்டு. 285 ஜாமீனில் விடக்கூடிய பிரிவு. ஸ்டேஷனிலேயே ஜாமீன் பெறுவது உரிமை, சலுகை அல்ல (பிரிவு 478). ஆள் ஜாமீன் தர யாருமில்லாத ஏழை என்றால் சொந்தப் பத்திரத்திலேயே விட வேண்டும். வெளியே வந்து வழக்கை நடத்துங்கள். எதிரே நிற்கும் வியாபாரி சாட்சி சொல்ல வந்தால் பாதி வழக்கு அங்கேயே விழும்.

மே 2

விட்ட பிறகு. முதல் வேலை அரசு மருத்துவமனை. கைதானதும் மருத்துவப் பரிசோதனை செய்து நகல் தர வேண்டும், பிரிவு 53. தரவில்லை என்றால் வெளியே வந்த அன்றே புறநோயாளிச் சீட்டு வாங்குங்கள். அடி விழவில்லை என்றாலும் வாங்குங்கள், விட்ட நேரத்துக்கு அது சான்று.

அடுத்து சி.சி.டி.வி. உச்ச நீதிமன்றத்தின் பரம்வீர் சிங் சைனி தீர்ப்பு (2020 டிசம்பர்) ஸ்டேஷனின் வாசல், லாக்கப், வராந்தா, வரவேற்பு எல்லா இடத்திலும் கேமரா வேண்டும், பதிவு 18 மாதம் இருக்க வேண்டும் என்கிறது. கருவி தாங்காவிட்டாலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது. வாசல் கேமராவில் வேன் வந்து நிற்கும் காட்சிதான் உண்மையான கைதுக் குறிப்பு. ஒரு வாரத்துக்குள் "இன்ன தேதி, பிற்பகல் 3 முதல் இரவு 11 வரை, வாசல் கேமரா, வராந்தா கேமரா, அழிக்காமல் வைக்கவும்" என்று எஸ்.பி.க்குப் பதிவு அஞ்சல். நேரத்தைக் குறிப்பிடாமல் "சி.சி.டி.வி. பதிவு தேவை" என்று எழுதினால் எதையோ தந்து முடித்துவிடுவார்கள்.

மாநில மனித உரிமை ஆணையத்துக்கு ஓராண்டுக்குள் போக வேண்டும். அதற்குப் பிறகு எடுக்க மாட்டார்கள். தெரிந்தே சட்டத்துக்குப் புறம்பாக அடைத்து வைத்த அதிகாரிக்கு பி.என்.எஸ். 258-இல் ஏழாண்டு வரை உண்டு. அதை முதல் கடிதத்திலேயே மிரட்டலாக எழுதாதீர்கள். எழுதினால் கேமரா "பழுதாகிவிடும்".

மே 3

மேலே எழுதியதில் ஒரு சேர்க்கை. ஸ்டேஷனுக்கே கொண்டுபோகாமல் கல்யாண மண்டபத்தில் அடைத்து மாலையில் விடுவார்கள், அப்போது என்ன செய்வது என்று கேள்வி. பெரிய மனிதர் வருகை, கோடை விழா நாட்களில் இது நடக்கும். 24 மணி நேரக் கணக்கு, காரணம் சொல்வது, குறிப்பு தருவது எல்லாம் மண்டபத்துக்கும் பொருந்தும். அங்கே ஸ்டேஷன் கேமரா இல்லை, ஆனால் மண்டபத்துக்கு வாடகைப் பதிவும் சாப்பாட்டு ரசீதும் உண்டு. எத்தனை பேருக்கு, எந்த நேரத்துக்கு உணவு வாங்கினார்கள், யார் கணக்கில் என்று தகவல் உரிமை மனுவில் கேளுங்கள். 60 பொட்டலத்துக்கு ரசீது இருந்து, பதிவேட்டில் 22 பெயர் மட்டும் இருந்தால், மீதி 38 பேர் அங்கே என்ன செய்தார்கள் என்ற கேள்விக்கு அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.